தசைக்குள் புதைந்து ஓடும் நாளம்

ஆஞ்சியோகிராம் அறையின் திரையில், சாயம் ஏறிய ரத்த நாளம் கருங்கோடாகத் தெரிகிறது. இதயத்தின் முன்பக்கத்தில் மேலிருந்து நுனி வரை இறங்கும் நாளம் அது. மருத்துவமனைகளில் அதற்கு எல்.ஏ.டி. என்று பெயர். நடுவில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குக் கோடு நூலாக மெலிகிறது. எழுபது, எண்பது சதவீத அடைப்பு என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் அடுத்த அரை நொடியில் அதே இடம் முழு அகலத்துக்கு விரிந்துவிடுகிறது. இதயம் சுருங்கும்போதெல்லாம் மெலிகிறது, தளரும்போதெல்லாம் விரிகிறது. கொழுப்புப் படிவால் வந்த அடைப்பு இப்படி வந்து வந்து போகாது. அந்த இடத்தில் நாளத்தின் மேல் இதயத் தசை குறுக்கே கிடக்கிறது.

இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் பெரிய நாளங்கள் சாதாரணமாக இதயத்தின் மேற்பரப்பில்தான் ஓடும். மெல்லிய வெளியுறைக்கு அடியில், மஞ்சள் கொழுப்பில் பதிந்து ஓடி, அங்கிருந்து சிறு கிளைகளைத் தசைக்குள் அனுப்பும். சிலருக்குப் பிறவியிலேயே பெரிய நாளத்தின் ஒரு துண்டு தசைக்குள் இறங்கி, சற்றுத் தூரம் புதைந்து ஓடி, மறுபடி மேலே வந்துவிடுகிறது. அந்தத் துண்டின் மேல் கிடக்கும் தசைக்கு மயோகார்டியல் பிரிட்ஜ் என்று பெயர். இந்த அத்தியாயத்தில் தசைப்பாலம் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். அது பெரும்பாலும் எல்.ஏ.டி.யின் நடுப்பகுதியில் அமைகிறது. வழக்கமான நீளம் 1 முதல் 3 சென்டிமீட்டர். நாளம் புதைந்திருக்கும் ஆழம் சிலரிடம் ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும், சிலரிடம் ஒரு சென்டிமீட்டரைத் தொடும். எலிகளுக்கு இதய நாளங்கள் தசைக்குள்ளேயே ஓடுவதுதான் இயல்பு. ஆகவே மனிதரிடம் இதைக் காணும்போது இயற்கை செய்த பிழை என்று சட்டென்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை.

இந்த அமைப்பு மருத்துவ உலகுக்குப் புதிதல்ல. 1737இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ரேமன் என்பவர் இதய நாளங்களைப் பற்றி லத்தீனில் எழுதிய ஆய்வேட்டில் இது இடம்பெற்றுவிட்டது. 1951இல் கைரிங்கர் என்பவர் பிணக்கூறாய்வில் கிடைத்த இதயங்களை வைத்து இதை விரிவாக ஆராய்ந்தார். ஆனால் உயிரோடிருப்பவரின் இதயத்தில் பாலம் நாளத்தை நெருக்குவதை ஆஞ்சியோகிராமில் பார்த்து எழுதியவர்கள் போர்ட்மன், இவிக் என்ற இருவர், ஆண்டு 1960. நடுவில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. நின்றுபோன இதயத்தில் பாலம் தெரியும், நெருக்குவது தெரியாது. ஆஞ்சியோகிராமில் நெருக்குவது தெரியும், பாலம் தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியாமல் போனதில்தான் இந்த விஷயத்தின் பாதிக் குழப்பம் இருக்கிறது.

எத்தனை பேருக்கு இது உண்டு என்று கேட்டால் கிடைக்கும் பதிலைப் பாருங்கள். பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டதில், பிணக்கூறாய்வில் நூற்றுக்கு 42 பேரிடம் பாலம் இருந்தது. சி.டி. ஸ்கேனில் 22 பேரிடம். வழக்கமான ஆஞ்சியோகிராமில் 6 பேரிடம் மட்டும். கத்தி எடுத்துத் தேடியவர் எல்லாப் பாலத்தையும் கண்டார். சாயம் செலுத்திப் பார்த்தவர் கண்ணில் நெருக்கும் பாலம் மட்டும் பட்டது. 42க்கும் 6க்கும் இடையில் இருப்பவர்கள் பாலத்தோடு பிறந்து, பாலம் இருப்பது தெரியாமலே வாழ்ந்து முடிப்பவர்கள். இதைப் படிக்கும் உங்களில் நான்கைந்து பேருக்கு ஒருவரிடம் அது இருக்கலாம். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அதனால் ஒரு நாளும் தொல்லை வராது.

ஏன் வராது என்பதற்கு இதயத்தின் ஒரு விசித்திரமான பழக்கம் காரணம். உடலின் மற்ற உறுப்புகளுக்கெல்லாம் இதயம் சுருங்கும்போதுதான் ரத்தம் அதிகம் பாய்கிறது. இதயத்தின் சொந்தத் தசைக்கு, அதிலும் இடப்பக்கத்துக்கு, இதயம் தளரும்போதுதான் அதிகம் பாய்கிறது. சுருங்கிய தசை தன்னுள் இருக்கும் சிறு நாளங்களைத் தானே இறுக்கிக்கொள்வதால், அந்த நேரத்தில் இடப்பக்க நாளங்களில் போகும் ரத்தம் மொத்தத்தில் ஏறக்குறைய 15 சதவீதம்தான். பாலம் நெருக்குவதும் அதே நேரத்தில்தான். எப்படியும் அதிகம் பாயாத நேரத்தில் வழியை அடைக்கிறது. பாய வேண்டிய நேரத்தில் திறந்துவிடுகிறது. திரையில் எண்பது சதவீதம் போலத் தெரிந்தாலும் இழப்பு சொற்பம். பாடநூல்கள் நெடுங்காலம் இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டன.

இந்தக் கணக்கு நிதானமாகத் துடிக்கும் இதயத்துக்குப் பொருந்தும். நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு ஒரு நொடி. அதில் மூன்றில் ஒரு பங்கு சுருக்கத்துக்குப் போனால், மீதி தளர்வு. நிமிடத்துக்குச் சுமார் 40 நொடி ரத்தம் தடையின்றிப் பாயும். இதே ஆள் மாடிப்படி ஏறி ஓடுகிறார், துடிப்பு 150 ஆகிறது. இப்போது ஒரு துடிப்புக்குக் கிடைப்பது 0.4 நொடிதான். சுருக்க நேரமும் ஓரளவு குறையும் என்றாலும், வெட்டு விழுவது பெரும்பாலும் தளர்வு நேரத்தில். 40 நொடி கிடைத்த இடத்தில் 30 நொடிகூட மிஞ்சாது. தசையோ அப்போதுதான் பல மடங்கு ரத்தம் கேட்கிறது.

அதோடு இன்னொன்றும் சேர்கிறது. நாளத்துக்குள்ளேயே நுழைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் குழாய்கள் 1990களில் வந்தபோது, ஜெர்மனியில் எர்பெல், கே ஆகியோரின் குழு பாலத்துக்கு அடியில் என்ன நடக்கிறது என்று உள்ளிருந்தே பார்த்தது. நாளத்தைச் சுற்றிப் பாதி நிலா வடிவில் ஒரு கறுப்புப் பட்டை தெரிந்தது. இன்றும் பாலத்தைக் கண்டுகொள்ள அந்தப் பாதி நிலாதான் அடையாளம். அதைவிட முக்கியமானது, நெருக்கம் இதயம் தளர்ந்த உடனே நீங்கவில்லை. தளர்வு தொடங்கிய பிறகும் நாளம் சிறிது நேரம் ஒடுங்கியே இருந்தது. நிதானமான துடிப்பில் இந்தத் தாமதத்தால் பெரிய நட்டமில்லை. துடிப்பு ஏற ஏற, குறுகிப்போன தளர்வு நேரத்தில் பெரும் பங்கை அது தின்றுவிடும். பாலம் ஆழமாக, நீளமாக இருந்தால் இன்னும் மோசம். ஓடும்போதோ, கோபத்திலோ, கடும் காய்ச்சலிலோ நெஞ்சு அழுத்துவதாகச் சிலர் சொல்வதன் காரணம் இதுதான். அவர்களுக்கு வலி உண்மை. அடைப்பில்லை என்று சொல்லி, வாயுத் தொல்லை என்றோ மனப்பதற்றம் என்றோ அனுப்பிவிடுவது அநியாயம்.

பாலத்தோடு தொடர்புள்ள மாரடைப்புகளில் பலவற்றின் தொடக்கம் பாலத்துக்கு அடியில் இல்லை. அதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. தசைக்குள் புதைந்த துண்டில் கொழுப்பு படிவது அரிது. அங்கே ரத்தம் விரைந்து உரசி ஓடுவதால் உட்சுவர் தன்னைக் காத்துக்கொள்கிறது என்று கருதுகிறார்கள். ஆனால் நாளம் தசைக்குள் இறங்குவதற்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் முன்னால் உள்ள பகுதியில் ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் மோதி, தயங்கி, சுழல்கிறது. அங்கேதான் கொழுப்பு படிகிறது. டோக்கியோவின் டோஹோ பல்கலைக்கழக நோய்க்குறியியல் ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பாலத்தோடு மாரடைப்பும் கண்டவர்களின் இதயங்களில் பாலம் மற்றவர்களிடம் இருந்ததைவிடத் தடித்தும் நீண்டும் இருந்தது. தன் அடியில் இருக்கும் துண்டைக் காப்பாற்றிக்கொண்டே பாலம் மேல்பக்கத்தைக் காட்டிக்கொடுக்கிறது. எல்.ஏ.டி.யின் மேல்பகுதி அடைத்தால் பாதிக்கப்படும் தசை மிக அதிகம் என்பதால் இது சின்ன விஷயமல்ல. சர்க்கரையும் புகையும் ரத்தக் கொதிப்பும் இருப்பவருக்குப் பாலமும் இருந்தால், கவனம் செலுத்த வேண்டியது முதலில் சர்க்கரை, புகை, கொதிப்பு ஆகியவற்றில்தான். பாலத்தை மாற்ற முடியாது, அவற்றை மாற்றலாம்.

துடிப்புக்குத் துடிப்பு நெருக்கப்படும் நாளத்தின் உட்சுவர் காலப்போக்கில் தளரும் திறனை இழக்கிறது. அப்படிப்பட்ட நாளத்துக்குத் திடீர் இழுப்பு வரும். சாதாரண நெருக்கம் ஒரு துடிப்போடு விலகும். இழுப்பு நிமிடக்கணக்கில் நீடிக்கும். படிவே இல்லாத நாளம் இப்படி இறுகிக்கொண்டு மாரடைப்பில் முடிந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அபூர்வமாக நெருக்கப்பட்ட இடத்தில் ரத்தம் உறைவதும், நாளத்தின் சுவர் உள்ளே கிழிவதும் உண்டு. ரத்தம் போதாத தசையில் மின்னோட்டம் தாறுமாறாகி, கீழறைகள் துடிப்பதற்குப் பதிலாக நடுங்கத் தொடங்கினால் சில நிமிடங்களில் உயிர் போகும்.

திடீர் மரணம் என்ற இந்த இடத்தில் எழுதுபவர் நிதானமாக இருக்க வேண்டும். 1980இல் மொராலிஸ் குழு சர்குலேஷன் என்ற மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை, கடும் உடற்பயிற்சியின்போது நேர்ந்த திடீர் மரணங்களையும் தசைக்குள் ஓடும் எல்.ஏ.டி.யையும் இணைத்துப் பேசியது. அமெரிக்காவில் மாரன் என்பவர் பல ஆண்டுகள் திரட்டிய இளம் விளையாட்டு வீரர்களின் மரணப் பதிவேட்டில், இதய நோயால் இறந்தவர்களில் சுமார் 3 சதவீதத்தினரின் மரணம் தசைக்குள் ஓடும் எல்.ஏ.டி.யின் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் இறந்தவர்களில் நூற்றுக்கு நாற்பது பேரிடம் இருக்கும் ஓர் அமைப்பு, ஒருவர் இறந்தபின் அவரிடமும் இருந்தது என்பதாலேயே கொலைகாரன் ஆகிவிடுமா? பிணக்கூறாய்வில் வேறொன்றும் அகப்படாதபோது கண்ணில் பட்டதன் மேல் பழி போடும் ஆபத்து இங்கே நிறைய. பாலம் ஆழமானதா, அந்த நாளம் ஊட்டும் தசையில் பழைய தழும்போ புதிய சேதமோ உண்டா, மரபுவழி மின்கோளாறு எதையும் தேடிப் பார்த்தார்களா என்று கேட்ட பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் உண்மையான காரணம் ஒரு மரபணுவாக இருந்து, அதே வீட்டில் இன்னொரு பிள்ளைக்கும் அது இருப்பதை நாம் தவறவிடுவோம்.

இதே எச்சரிக்கைக்குத் தசை தடித்த இதயங்களின் கதை நல்ல சான்று. 1998இல் டொரொன்டோவின் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து வந்த ஆய்வு, மரபுவழியில் இதயத் தசை தடித்த 36 குழந்தைகளைப் பார்த்தது. 10 பேருக்குப் பாலம் இருந்தது. அந்தப் பத்துப் பேரிடம் நெஞ்சுவலியும் ஆபத்தான துடிப்புக் கோளாறும் இதய நிறுத்தமும் அதிகம். உலகமே திரும்பிப் பார்த்தது. பாலத்தை அறுக்க வேண்டும் என்ற குரல் எழுந்தது. 2003இல் மேயோ கிளினிக் மருத்துவர்கள் இதே நோயுள்ள வயது வந்தவர்கள் நானூறுக்கும் மேற்பட்டோரைப் பார்த்தபோது, பாலம் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் மரணத்தில் வித்தியாசம் தெரியவில்லை. குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் வேறுபாடு இருக்கலாம். சிறு எண்ணிக்கை காட்டிய பயம் பெரிய எண்ணிக்கையில் கரைந்ததாகவும் இருக்கலாம். தடித்த தசையும் ஆழமான பாலமும் சேர்ந்த குழந்தையைத் தனிக் கவனத்தோடு பார்க்க வேண்டும் என்ற அளவில் நான் நிற்கிறேன்.

பாலம் தானாகச் செய்யும் கெடுதலைவிட, அதை அறியாமல் செய்யும் வைத்தியம் செய்யும் கெடுதல் சில நேரங்களில் பெரிது. நெஞ்சுவலி என்றதும் நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை நம் ஊரில் பலரது சட்டைப்பையில் இருக்கும். கொழுப்பு அடைப்பால் வரும் வலிக்கு அது நல்ல மருந்து. பாலத்தை அது பெரும்பாலும் மோசமாக்கும். ரத்த அழுத்தம் இறங்க, அதை ஈடுகட்ட இதயம் வேகமாக, வலுவாகத் துடிக்கும்; நாளத்தின் சுவரோ தளர்ந்துபோய் எளிதில் நசுங்கும். திரையில் மங்கலாகத் தெரிந்த பாலம் நைட்ரோகிளிசரின் கொடுத்த பிறகு பளிச்சென்று தெரியும். பாலத்தைக் கண்டுபிடிக்க மருத்துவர்கள் இந்தக் குணத்தையே பயன்படுத்திக்கொள்கிறார்கள். மாத்திரை வைத்தபின் வலி கூடுகிறது என்று நோயாளி சொன்னால் அது பெரிய துப்பு. கேட்பவர் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சரியான மருந்து துடிப்பை நிதானப்படுத்துவது. மெட்டோபுரோலால், பிசோபுரோலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் துடிப்பைக் குறைக்கும், சுருக்கத்தின் வலுவையும் தணிக்கும், தளர்வு நேரத்தை நீட்டிக்கொடுக்கும். இழுப்பு வரும் நாளமாக இருந்தால் வெராபமில், டில்டியாசெம் வகை மருந்துகள் பொருத்தம். பெரும்பாலானவர்களுக்கு இத்தோடு வலி அடங்கிவிடுகிறது.

ஸ்டென்ட் வைத்துவிடலாமே என்று நோயாளியின் வீட்டார் கேட்பது இயல்பு. 1995இல் முதன்முதலாக அப்படி வைத்தும் பார்த்தார்கள். ஸ்டென்ட் அசையாத படிவைத் தள்ளிப் பிடிக்கச் செய்யப்பட்ட கம்பி வலை. பாலத்துக்கு அடியில் அதன் மேல் தசை ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை அழுத்துகிறது. சில மாதங்களில் மறுபடி அடைத்துக்கொண்டவை பல; வலை முறிந்தவையும் உண்டு. புதைந்த துண்டின் சுவர் மெல்லியது, அதனால் விரிக்கும்போதே நாளம் கிழிந்து இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்கிய ஆபத்துகளும் நேர்ந்திருக்கின்றன. நெருக்கத்தை நிலையான அடைப்பு என்று தவறாகப் படித்து ஸ்டென்ட் வைத்தால், தொல்லை கொடுக்காத ஒரு பாலம் அன்றிலிருந்து தொல்லை கொடுக்கத் தொடங்கும்.

பைபாஸும் அவ்வளவு எளிதல்ல. தளர்வு நேரத்தில் சொந்த நாளத்திலேயே நல்ல ரத்தம் ஓடுவதால், ஒட்டிய புது நாளத்துக்கு வேலை இருக்காது. காலப்போக்கில் அது சுருங்கி மூடிக்கொள்ளும். மருந்துக்கு அடங்காதவர்களுக்கு இன்று செய்யப்படுவது நாளத்தின் மேல் உள்ள தசையைக் கீறித் திறந்துவிடுவது. 1975இல் பினே குழு இதைச் செய்து எழுதியது. அண்மைக் காலத்தில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் இதில் நிறைய அனுபவம் சேர்த்திருக்கிறார்கள். அறுவை மேசையில் கண்ணுக்குத் தெரிவது கொழுப்புக்கிடையே இறங்கிவரும் எல்.ஏ.டி., பிறகு சட்டென்று அது மறையும் சிவந்த தசை, கீழே அது மறுபடி வெளிவரும் இடம். அறுவை நிபுணர் அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் இழை இழையாகப் பிரித்துக்கொண்டு போகிறார். ஆழமான பாலங்களில் நாளம் கீழறைகளுக்கு நடுவிலுள்ள இடைச்சுவருக்குள் வலப்பக்கம் சாய்ந்து ஓடும். கத்தி சற்றுக் கூடுதலாக இறங்கினால் வலது கீழறை திறந்துகொள்ளும். கைதேர்ந்தவர்கள் செய்யும்போது பலருக்கு வலி நன்றாகக் குறைகிறது என்பதும் உண்மை. ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தேர்ந்தெடுக்க உதவும் சோதனைகள் இதயத்தை ஓடவிட்டுப் பார்ப்பவையாக இருக்க வேண்டும். படுத்திருக்கும்போது எடுத்த ஈ.சி.ஜி.யும் எக்கோவும் சரியாகவே இருக்கும். டிரெட்மில்லில் ஓடி முடித்ததும் எக்கோ எடுத்தால், தொல்லை தரும் பாலம் உள்ளவரிடம் இடைச்சுவர் ஒரு கணம் மடங்கிக் கொடுப்பதும் நுனி மட்டும் சரியாக அசைவதும் தெரியலாம். ஸ்டான்ஃபோர்டு குழு கவனித்துச் சொன்ன அடையாளம் இது. நாளத்துக்குள் அழுத்தம் அளக்கும் கம்பியை அனுப்பினாலும் இதே விதிதான். சாதாரண அடைப்புக்குத் தரும் அடினோசின் மருந்தைக் கொண்டு அளந்தால் பாலத்தின் வலு முழுதாகத் தெரியாது. இதயத்தை வேகமாக, வலுவாக அடிக்க வைக்கும் டொபுடமின் கொடுத்து, தளர்வு நேர அழுத்தத்தைத் தனியே அளக்க வேண்டும்.

மாஸ்டர் செக்-அப்பில் எடுத்த சி.டி. அறிக்கையில் மயோகார்டியல் பிரிட்ஜ் என்ற வரியைப் பார்த்துத் தூக்கம் கெட்டவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு நெஞ்சுவலியோ மயக்கமோ இல்லை, சி.டி.யில் வேறு படிவும் இல்லை என்றால் அந்த வரிக்காக மாத்திரையும் வேண்டாம், ஸ்டென்டும் வேண்டாம். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், புகை இருந்தால் விட்டுவிடுங்கள். ஓடும்போதோ படியேறும்போதோ நெஞ்சு இறுகினால், உழைப்பின் நடுவே கண் இருட்டி விழுந்தால், வீட்டில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால், இதய மருத்துவரிடம் போய் அந்த வரியைக் காட்டிப் பாலத்தின் நீளம், ஆழம், அதற்கு முன்னால் படிவு உண்டா என்பதைக் கேளுங்கள். நாக்குக்கு அடியில் வைத்த மாத்திரைக்கு வலி கூடியதா குறைந்ததா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். நெஞ்சுவலி கால் மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், பாலம்தானே என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.